கீ இல்லை என்று யார் சொன்னது?

2023 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு செய்தி, கணினித் துறையினரைச் சிரிக்கவும் வைத்தது, முகம் சுளிக்கவும் வைத்தது. அந்நாட்டுத் தொழில்நுட்பர் ஒருவர் ஏறத்தாழ 200 டாலர் கொடுத்து விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்டிடமிருந்தே முறையாக வாங்கியிருந்தார். வாங்கிய உரிமத்துக்கான குறியீடான ப்ராடக்ட் கீ கையில் இருந்தும் ஆக்டிவேஷன் நடக்கவில்லை. நிறுவனத்தின் உதவி மையத்தை அணுகினார். முதலில் பேசியவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்து வந்த ஊழியர் தொலைவிலிருந்தபடியே அவருடைய கணினிக்குள் நுழைந்து ஒரு கட்டளையை ஓட்டினார், சிக்கல் தீர்ந்தது. அதன் பிறகுதான் வாடிக்கையாளர் கவனித்தார்: ஓடியது நிறுவனத்தின் கருவியே அல்ல. உரிமம் இல்லாமல் விண்டோஸை இயக்க இணையத்தில் புழங்கும் ‘கிராக்’. செய்தி வெளியானதும், இது தங்கள் கொள்கைக்கு எதிரானது, விசாரிக்கிறோம் என்றது மைக்ரோசாஃப்ட்.

ஓர் ஊழியர் எடுத்த குறுக்குவழி என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் ஊழியரை மட்டும் குற்றம் சொல்லி முடிக்கிற விஷயமா இது? பணம் கட்டியவர் தன் உரிமத்தை நிரூபிக்கப் படும் பாட்டைவிட, பணம் கட்டாதவரின் வழி சுலபமாக இருக்கிறது. விற்ற நிறுவனத்தின் ஆளுக்கே அது தெரிந்திருக்கிறது.

நம் ஊர்களில் இதே கதை வேறு விதமாக நடக்கிறது. மடிக்கணினி மெதுவாகிவிட்டது, வைரஸ் புகுந்துவிட்டது, ஹார்டு டிஸ்க் போய் எஸ்.எஸ்.டி. மாற்றியாயிற்று; காரணம் எதுவானாலும் ஒருநாள் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டி வருகிறது. சர்வீஸ் கடையில் கேட்கிறார்கள்: “ஒரிஜினல் கீ இருக்குங்களா?” வந்தவர் விழிக்கிறார்: “பில் இருக்கு. கீன்னு தனியா எதுவும் குடுக்கலையே.” உடனே பதில் வருகிறது: “அப்ப சாதாரணமாவே போட்டுடறேன் சார்.” அந்தச் ‘சாதாரணம்’ திருட்டு விண்டோஸ் என்பது இருவருக்குமே தெரியும். இருவருக்கும் தெரியாதது வேறொன்று: மடிக்கணினி வாங்கியபோதே விண்டோஸுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டப்பட்டது, அந்தக் கீ எங்கும் தொலையவில்லை, மேசைமேல் இருக்கும் அதே பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாஃப்ட் ஒரு மாற்றத்தைச் செய்தது. அதுவரை மடிக்கணினியின் அடிவயிற்றில் ஒட்டப்பட்டிருந்த ஸ்டிக்கரில் 25 எழுத்துக் கீ அச்சிடப்பட்டிருக்கும். கைச்சூட்டிலும் உராய்விலும் அது சில வருடங்களில் அழிந்துபோகும். கடையில் வைத்திருக்கும்போதே யாராவது படித்துத் திருடிக்கொள்ளவும் முடியும். விண்டோஸ் 8 முதல் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிக் கீயை மதர்போர்டின் ஃபர்ம்வேரில், பேச்சு வழக்கில் பயாஸில், எழுதிவிடுகிறார்கள். ஸ்டிக்கர் இன்றும் உண்டு, ஆனால் அதில் கீ இல்லை. விண்டோஸ் 8, 10, 11 ஆகியவற்றோடு வாங்கிய கணினியில் அதே பதிப்பை மறுபடி நிறுவினால், நிறுவும் நிரலே அந்தக் கீயைப் படித்துக்கொள்ளும். இணைய இணைப்புக் கிடைத்ததும் ஆக்டிவேஷன் தானாக நடந்துவிடும். யாரும் எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

பிறகு ஏன் இத்தனை பேர் சிக்குகிறார்கள்? பெரும்பாலும் கீயில் கோளாறு இருப்பதில்லை. பதிப்பு மாறிப்போயிருக்கும், அல்லது நிறுவனத்தின் சர்வரில் உரிமம் பற்றிய பதிவு தவறிப்போயிருக்கும். இதை வாங்கியவரிடம் விற்றவர் யாரும் சொல்வதில்லை. ப்ராடக்ட் கீ தொல்லையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கொஞ்சம் பின்னோக்கிப் போனால் இந்த ஏற்பாடு எப்படி இறுகியது என்பது விளங்கும். விண்டோஸ் 95 கடையில் தனியாக விற்கப்பட்டபோது அதன் கீ பத்து எண்கள் மட்டுமே: முதலில் மூன்று, கோடு, பிறகு ஏழு. பின்னால் வரும் ஏழு எண்களைக் கூட்டினால் 7-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும், சோதனை ஏறத்தாழ அவ்வளவுதான். எல்லா இடத்திலும் 1 என்று அடித்தால்கூட விண்டோஸ் 95 ஏற்றுக்கொண்டது. ஒரே கீயை ஊர் முழுக்கப் பயன்படுத்தலாம், கேட்க நாதியில்லை.

2001 அக்டோபர் 25-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது விதி மாறியது. கீயைக் கொடுத்தால் மட்டும் போதாது, 30 நாட்களுக்குள் நிறுவனத்தின் சர்வரோடு பேசி ஆக்டிவேட் செய்யவும் வேண்டும். கணினியின் பத்து வகை உறுப்புகளைக் குறித்துக்கொண்டு, அவற்றில் பல மாறினால் மறுபடியும் கேள்வி கேட்டது எக்ஸ்பி. பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு இருந்தது. அவர்களுக்கான மொத்த உரிமக் கீக்கு ஆக்டிவேஷன் தேவைப்படவில்லை. எக்ஸ்பி கடைக்கு வருமுன்பே அப்படிப்பட்ட ஒரு கீ வெளியே கசிந்து உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு வந்த முதல் சர்வீஸ் பேக்கில் அதை முடக்கினார்கள். கீயைக் காப்பதற்கு நிறுவனத்துக்கு நியாயமான காரணம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மென்பொருள் எழுதியவருக்கு ஊதியம் உண்டு, நகலெடுப்பது திருட்டுதான். கேள்வி அதுவல்ல. திருடனைத் தடுக்கப் போட்ட வேலியில் அதிகம் கீறல் படுவது யாருக்கு என்பதே கேள்வி.

இனி, சிக்கல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மிகச் சாதாரணமானது, எழுத்தைத் தவறாகப் படிப்பது. பழைய ஸ்டிக்கரையோ பெட்டியில் வந்த அட்டையையோ பார்த்துக் கீயை அடிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. விண்டோஸ் கீயில் எல்லா எழுத்துகளும் வருவதில்லை. 0, 1, 5 என்ற எண்கள் கிடையாது. ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் கிடையாது. எல், எஸ், இசட் ஆகியவையும் கிடையாது. ஆகவே பூஜ்யம்போலத் தெரிவது ‘டி’ அல்லது ‘க்யூ’வாகத்தான் இருக்கும், 5 போலத் தெரிவது எண்ணாகவும் இருக்காது, எஸ்ஸாகவும் இருக்காது. 8-ஐயும் ‘பி’யையும், 6-ஐயும் ‘ஜி’யையும் மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கவேண்டியிருக்கும், ஏனென்றால் இவை நான்குமே கீயில் வரக்கூடியவை.

அடுத்தது பதிப்புக் குழப்பம். நடைமுறையில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான். இந்தியாவில் விற்கும் பல மடிக்கணினிகளில் இருப்பது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்ற பதிப்பு. சர்வீஸ் கடையின் பென் டிரைவிலோ பெரும்பாலும் ‘ப்ரோ’ இருக்கும். பெரியதைப் போட்டுக் கொடுத்தால் வாடிக்கையாளர் மகிழ்வார் என்ற எண்ணமும் இருக்கும். ப்ரோவைப் போட்டதும் மதர்போர்டில் இருக்கும் ஹோம் கீ அதற்குப் பொருந்தாமல் போகிறது, திரையின் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று நீர்க்குறி தோன்றுகிறது. சாதாரணப் பெட்டிக்கு எடுத்த பயணச்சீட்டோடு ஏ.சி. பெட்டியில் ஏறியவரின் நிலைதான் இது. சீட்டு போலியல்ல, பெட்டிதான் வேறு. ஆனால் திரையில் வரும் பிழைச் செய்தி அப்படிச் சொல்வதில்லை. எட்டு இலக்கமும் எழுத்துமாக ஒரு குறியீட்டைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அதைப் பார்த்தவர், “கீ செத்துப்போச்சு” என்று முடிவுகட்டுகிறார்.

தீர்வு நேரானது. மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்தே நிறுவும் கோப்பை இலவசமாக இறக்கலாம். அந்த ஒரே கோப்பில் ஹோம், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், ப்ரோ எல்லாம் இருக்கின்றன. அதைக்கொண்டு நிறுவினால் மதர்போர்டிலுள்ள கீயைப் படித்து உரிய பதிப்பை நிரலே தேர்ந்துகொள்ளும். ப்ரோவைப் போட்டாகிவிட்டதென்றால் கீயை மாற்றி அதை ஹோமாக இறக்க முடியாது, மீண்டும் ஒருமுறை நிறுவத்தான் வேண்டும். மாறாக, ஹோமோடு வந்த கணினிக்குப் பிற்பாடு காசு கொடுத்து ப்ரோ கீ வாங்கியவர், நிறுவும்போது ஹோம் வந்துவிட்டதே என்று பதற வேண்டாம். நிறுவி முடித்து, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய், கீயை மாற்றும் இடத்தில் தன் ப்ரோ கீயைக் கொடுத்தால் கணினி ப்ரோவாக உயர்ந்துவிடும்.

மூன்றாவது, கீயே இல்லாத உரிமம். 2015 ஜூலை 29-ல் விண்டோஸ் 10 வெளியானபோது, விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்கு இலவசமாக உயர்த்திக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். அப்படி உயர்த்தியவர் எவருக்கும் தனிக் கீ தரப்படவில்லை. கணினியின் உறுப்புகளைக்கொண்டு ஓர் அடையாளத்தை உருவாக்கி, அதை நிறுவனத்தின் சர்வரில் குறித்து வைத்துக்கொண்டார்கள். இதற்கு டிஜிட்டல் லைசென்ஸ் என்று பெயர். இப்படிப்பட்ட கணினியில் மறுபடி நிறுவும்போது திரை கீயைக் கேட்டால், ‘என்னிடம் ப்ராடக்ட் கீ இல்லை’ என்ற பொருள் தரும் வரியை அழுத்திவிட்டுப் பழைய பதிப்பையே தேர்ந்துகொண்டால் போதும். இணையத்தில் சேர்ந்ததும் சர்வர் கணினியை அடையாளம் கண்டுகொள்ளும்.

இங்கே பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. ஃபார்மேட் செய்யுமுன் முன்ஜாக்கிரதையாக, கீயைக் கண்டுபிடித்துத் தரும் இலவச மென்பொருள் எதையாவது ஓட்டி, அது காட்டும் 25 எழுத்துகளையும் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். டிஜிட்டல் லைசென்ஸில் ஓடும் ப்ரோ கணினிகளில் அந்தக் கீயின் கடைசி ஐந்தெழுத்து ‘3வி66டி’ என்றே பொதுவாக இருக்கும். அது எல்லோருக்கும் பொதுவான நிரப்புக் கீ. அதனால் ப்ரோ நிறுவப்படுமே தவிர யாருக்கும் அது உரிமம் ஆகாது. அதை வைத்துக்கொண்டு வேறொரு கணினியில் முயன்று, “என் ஒரிஜினல் கீயைத் தடை செய்துவிட்டார்கள்” என்று புலம்புகிறவர்கள் உண்டு.

நான்காவது, மதர்போர்டு மாற்றம். ரேம் கூட்டுவது, எஸ்.எஸ்.டி. மாற்றுவது போன்றவற்றால் பொதுவாக உரிமம் போவதில்லை. மதர்போர்டை மாற்றினால் சர்வர் கண்ணுக்கு அது புதுக் கணினி. 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு முதல் இதற்கு ஒரு வழி இருக்கிறது: டிஜிட்டல் லைசென்ஸை முன்கூட்டியே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைத்திருந்தால், மாற்றிய பிறகு ஆக்டிவேஷன் ட்ரபுள்ஷூட்டரை ஓட்டி, ‘இந்தச் சாதனத்தில் அண்மையில் உறுப்பு மாற்றினேன்’ என்று சொல்லிப் பழைய கணினியைப் பட்டியலில் தேர்ந்தெடுக்கலாம். முன்கூட்டியே என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மதர்போர்டு எரிந்தபிறகு இணைக்க முடியாது.

அதிலும் உரிமத்தின் வகை பார்க்கப்படும். கணினியோடு சேர்ந்து வரும் ஓ.இ.எம். உரிமம் அந்தக் கணினியோடு வாழ்ந்து அதனோடு முடிவது. கடையில் தனியாக வாங்கும் ரீடெய்ல் உரிமத்தைப் பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். ஒரே பெயருள்ள பொருள், இரண்டு வேறு உரிமைகள். வாங்குகிற நேரத்தில் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லும் கடைக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஐந்தாவது, சர்வரே சறுக்குவது. 2007 ஆகஸ்ட் 24 அன்று, சோதனையில் இருந்த நிரல் தவறுதலாக மைக்ரோசாஃப்டின் பயன்பாட்டு சர்வர்களுக்குப் போய்விட்டது. காசு கொடுத்து வாங்கிய விண்டோஸை அவை போலி என்றன. 12,000-க்குச் சற்றுக் குறைவான கணினிகள் பாதிக்கப்பட்டதாக நிறுவனம் சொன்னது. 2018 நவம்பர் 8-ல் இன்னொன்று: விண்டோஸ் 10 ப்ரோ வைத்திருந்தவர்களுக்கு, ‘உங்கள் உரிமம் ஹோமுக்கானது, ப்ரோ செல்லாது’ என்ற பொருளில் செய்தி வந்தது. ஜப்பான், தென் கொரியா, அமெரிக்கா என்று பல நாடுகளில் இந்தக் குழப்பம். ஒரு நாளுக்குள் சரிசெய்யப்பட்டது. அன்று அவசரப்பட்டு ஃபார்மேட் செய்தவர்களுக்குத்தான் நஷ்டம். நேற்றுவரை ஒழுங்காக இருந்த உரிமம் எதையும் தொடாமலே இன்று செல்லாமல் போனால், முதல் வைத்தியம் ஒரு நாள் பொறுத்திருப்பது.

பொறுத்திருக்க முடியுமா என்றால், முடியும். இதுவும் பலருக்குத் தெரியாத உண்மை. 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டா, ஆக்டிவேட் செய்யாவிட்டால் ஒரு மணி நேரம் இணைய உலாவியை மட்டும் தந்துவிட்டு வெளியே தள்ளியது. எதிர்ப்புக் கிளம்பியதும் முதல் சர்வீஸ் பேக்கில் அந்தத் தண்டனையை நீக்கினார்கள். இன்றைய விண்டோஸ் 10, 11 ஆக்டிவேட் ஆகாவிட்டாலும் வேலை செய்யும். மூலையில் நீர்க்குறி நிற்கும், பின்னணிப் படம், வண்ணம் போன்றவற்றை செட்டிங்ஸில் மாற்ற விடாது. தேர்வுக்குப் படிக்கலாம், கணக்கு எழுதலாம், கோப்புகளை எடுத்துப் பத்திரப்படுத்தலாம். அன்றிரவே கிராக் தேடி ஓட வேண்டிய நெருக்கடி எதுவுமில்லை.

அப்படி ஓடியவர்கள் எங்கே போய்ச் சேர்கிறார்கள்? இரண்டு இடங்களில். ஒன்று, இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீ. அமெரிக்காவில் விண்டோஸ் 11 ஹோமின் அதிகாரப்பூர்வ விலை 139 டாலர், ப்ரோவுக்கு 199. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் ஒருவர் விற்கிறார் என்றால் சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். நிறுவனங்களுக்கான மொத்த உரிமத்திலிருந்து உருவப்பட்ட கீ அப்படி வருவதுண்டு. அது இத்தனை கணினிகளுக்கு என்ற கணக்கோடு வருவது. கணக்கு முடிந்தாலோ, நிறுவனம் கண்டுபிடித்து முடக்கினாலோ, சில மாதம் ஓடிய விண்டோஸ் மறுபடி கீ கேட்கும். விற்றவர்களில் சிலர் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுவார்கள். 2012 ஜூலை 3-ல் ஆரக்கிள் நிறுவனத்துக்கு எதிரான யூஸ்டுசாஃப்ட் வழக்கில், பயன்படுத்திய மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று அந்த நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் விற்பவர் தன்னிடமுள்ள நகலைப் பயன்படுத்த முடியாமல் ஆக்க வேண்டும், மொத்த உரிமத்தைப் பிய்த்துத் துண்டு துண்டாக விற்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு.

மற்ற இடம், ஆக்டிவேட்டர் என்ற பெயரில் வரும் நிரல்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினிகளை ஆக்டிவேட் செய்ய உள்ளுக்குள்ளேயே கே.எம்.எஸ். என்ற சர்வரை வைத்துக்கொள்ளலாம். அது தரும் அனுமதி 180 நாட்களுக்கு, பிறகு புதுப்பிக்க வேண்டும். திருட்டு ஆக்டிவேட்டர்கள் பல, அப்படியொரு சர்வர் இருப்பதாக விண்டோஸை ஏமாற்றுகின்றன. நிறுவுமுன் ஆன்ட்டிவைரஸை அணைத்துவிடச் சொல்லும் குறிப்பும் கூடவே வரும். அணைத்த பிறகு உள்ளே வருவது என்ன என்பதை யார் பார்த்தார்கள்? 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம், கே.எம்.எஸ்.பிகோ என்ற பிரபல ஆக்டிவேட்டரின் பெயரில் உலவிய போலி நிறுவியில் கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் இருந்ததைக் காட்டியது. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் கிரிப்டோ நாணயப் பைகளையும் குறிவைப்பது அது. வங்கிக் கணக்கைப் பார்க்கும் அதே கணினியில் இதை அனுமதிப்பது, மதர்போர்டில் கீ இருக்கும்போதே அனுமதிப்பது, எவ்வளவு பெரிய முரண்!

இந்த விஷயம் இப்போது பேசப்படவேண்டியதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு முதலிய நிபந்தனைகள் இருப்பதால், சிலர் பழைய கணினியில் 10-ஐயே புதிதாகப் போட்டுக் காலம் தள்ளுகிறார்கள், சிலர் 11-க்குத் தாவுகிறார்கள். விண்டோஸ் 10-ல் ஆக்டிவேட் ஆகியிருந்த கணினி, அதே பதிப்பின் விண்டோஸ் 11-லும் அதே உரிமத்தில் ஓடும். இதற்காகப் புதுக் கீ வாங்க வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸ் 7 ஸ்டிக்கரை இன்னும் நம்பியிருப்பவர்களுக்கு ஒரு கதவு மூடிவிட்டது. இலவச உயர்வு 2016-லேயே முடிந்துவிட்டதாகச் சொல்லப்பட்டாலும், 7-இன் கீயைக் கொடுத்து 10-ஐ ஆக்டிவேட் செய்யும் வழி ஏழு ஆண்டுகள் திறந்தே கிடந்தது. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்துவதாக அறிவித்தது. முன்பே உயர்த்தியவர்களின் உரிமம் செல்லும். இனி புதிதாக முயல்பவர்களுக்குச் செல்லாது.

சர்வரை நம்பி வாழும் உரிமத்தின் ஆயுள், சர்வர் இருக்கும்வரைதான். அடோபி நிறுவனம் தன் சி.எஸ்.2 மென்பொருள் தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வர்களை மூடியபோது, 2013 தொடக்கத்தில், ஆக்டிவேஷன் கேட்காத வேறு நிறுவியையும் வரிசை எண்களையும் வெளியிட்டு, உரிமம் வைத்திருந்தவர்களுக்கு வழிசெய்தது. எல்லா நிறுவனங்களும் எப்போதும் அப்படிச் செய்யும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்கான இயங்குதளத்துக்கு இப்படிக் கீ கேட்பதில்லை. கணினியை அவர்களே செய்து விற்பதால் அதற்குத் தேவையும் இல்லை. லினக்ஸில் அந்தப் பேச்சே கிடையாது. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். உரிமம் உண்மையிலேயே இல்லாதவருக்குத் திருட்டு விண்டோஸைவிட அதுவே மரியாதையான வழி.

பொறுப்பு யாருக்கு? வாங்குபவர் விழிப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் பதிப்பு, உரிம வகை, கீ இருக்குமிடம் ஆகிய மூன்றையும் விற்பவர் ஒரே வரியில் சொல்லிவிட முடியும். ‘விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், ஓ.இ.எம். உரிமம், கீ மதர்போர்டில் உள்ளது, மறுபடி நிறுவ இலவசம்’ என்று பில்லில் ஒரு வரி அச்சிட என்ன செலவு? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தையும் தன்மையையும் அறிந்துகொள்ளும் உரிமையை வாங்குபவருக்குத் தருகிறது. பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள உரிமம் பில்லில் பெயரில்லாமல் கைமாறுவது அந்த உரிமைக்குப் பொருத்தமானதல்ல.

மைக்ரோசாஃப்டும் செய்யவேண்டியது இருக்கிறது. மதர்போர்டில் ஹோம் கீ இருப்பது நிறுவும் நிரலுக்குத் தெரியும். ப்ரோ நிறுவப்பட்டிருப்பது விண்டோஸுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து, ‘உங்கள் கணினிக்கு ஹோம் உரிமம் இருக்கிறது, நீங்கள் நிறுவியது ப்ரோ’ என்று தமிழில் ஒரு வாக்கியம் காட்ட முடியாதா? விண்டோஸுக்குத் தமிழ் இடைமுகம் இருக்கிறது, வாக்கியத்துக்கு இடமும் இருக்கிறது. எட்டெழுத்துப் பிழைக் குறியீடு பொறியாளருக்குப் பயன்படும். கடைக்காரரிடம் ஏமாறாமல் இருக்க வீட்டில் இருப்பவருக்கு அது உதவாது.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தரப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. இப்படித் தரப்படும் ஒவ்வொரு கணினியும் ஒருநாள் ஃபார்மேட் ஆகும். பெட்டிக்குள் அரைப் பக்கத் தமிழ்க் குறிப்பு ஒன்று இருந்தால், பெருவாரியான மாணவர்கள் உள்ளூர்க் கடையின் திருட்டு விண்டோஸுக்குப் போகாமல் தப்புவார்கள்.

சர்வீஸ் கடைக்காரர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கவும் வேண்டாம். அவர்களில் பலர் எக்ஸ்பி காலத்தில் தொழில் கற்றவர்கள். கீ என்றால் ஸ்டிக்கர் என்ற அந்தக் காலத்துப் பழக்கம் கையில் ஊறியிருக்கிறது. ஃபார்மேட் போடுமுன் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வதைத் தொழில் வழக்கமாக்கினால், அவர்களுக்கும் வேலை மிச்சம், “போட்ட விண்டோஸ் கீ கேக்குது” என்று திரும்பி வரும் வாடிக்கையாளரும் மிச்சம்.

வாசகர்கள் இன்றே செய்யக்கூடியது இதுதான். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போங்கள்; விண்டோஸ் 10-ல் அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள் அதே ஆக்டிவேஷன். பதிப்பின் பெயரையும், உரிமம் டிஜிட்டலா, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்பதையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். இணையவில்லை என்றால் இப்போதே இணைத்துவிடுங்கள். கடையில் கொடுக்கும்போது அந்தப் படத்தைக் காட்டி, இதே பதிப்பைத்தான் போட வேண்டும் என்று சொல்லுங்கள். புதுக் கணினி வாங்குவதானால், பதிப்பையும் உரிம வகையையும் பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒரிஜினல் என்று பணம் வாங்கிக்கொண்டு திருட்டு விண்டோஸைப் போட்டுத் தந்திருந்தால், அந்த பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் செய்யலாம்.